யூரர் பணியில் விலக்களித்தலும் விலக்கிவைத்தலும்

ஓர் அரசு தன் குடிமக்களிடம் நேரே வந்து கேட்பவை மிகச் சில. வரி செலுத்துதல் ஒன்று. போர்க்காலத்திற் படையிற் சேர்தல் மற்றொன்று. நீதிமன்றிலே யூரராக அமர்ந்து, தன்னைப் போன்ற இன்னொரு மனிதன் குற்றவாளியா அல்லனா எனத் தீர்மானித்தல் மூன்றாவது. இம்மூன்றனுள்ளும் கடைசியிற் கூறப்பட்டதே வியத்தற்குரியது. சட்டம் பயிலாத ஒருவனை, அவன் கடையிலிருந்தோ வயலிலிருந்தோ அழைத்து வந்து, பிறனொருவனின் வாழ்வை அவன் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. இத்துணைப் பெரிய பொறுப்பை ஏற்குமாறு அழைப்பாணை வரும்போது, அழைக்கப்பட்டவர் உள்ளத்தால் நோயுற்றிருப்பாராயின் யாது செய்வது?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் உண்டு. நோயுற்றவர் தம் நிலையை எடுத்துரைத்து, 'இப்போது என்னால் இயலாது. பொறுத்தருள்க' என வேண்ட, மன்று அதனை ஏற்பது ஒன்று. இது விலக்களித்தல். அவரைக் கேளாமலே, 'உம்போன்றோர் இங்கு அமரத் தகார்' எனச் சட்டமே கதவை அடைத்துவிடுவது மற்றொன்று. இது விலக்கிவைத்தல். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். இரண்டிலும் அம்மனிதர் யூரர் ஆசனத்தில் அமர்வதில்லை. ஆயினும் முன்னதில் அவர் உரிமையுடைய குடிமகனாகவே வீடு திரும்புகிறார். பின்னதிலோ உரிமை குறைந்தவராகத் திரும்புகிறார். யூரர் முறையின் தாயகமாகிய இங்கிலாந்து இவ்விரண்டையும் வேறுபிரித்தறிவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்வரலாறு அறிந்துகொள்ளற்குரியது.

இரண்டாம் என்றி மன்னன் 1166 ஆம் ஆண்டிலே கிளாரென்டன் என்னுமிடத்தில் விதித்த விதிகளின்படி, ஒவ்வொரு பகுதியிலுமுள்ள நன்மக்கள் பன்னிருவர் சத்தியஞ் செய்து, தம் அயலிற் குற்றஞ் செய்தாரெனக் கருதப்பட்டோரைச் சுட்டிக்காட்டினர். அக்காலத்தில் ஒருவன் குற்றவாளியா என்பதை நெருப்பாலும் நீராலுஞ் சோதித்தறிந்தனர். 1215 ஆம் ஆண்டு உரோமாபுரியிற் கூடிய திருச்சபைப் பேரவை, குருமார் அத்தகைய சோதனைகளிற் பங்குகொள்ளலாகாதெனத் தடுத்தது. குருவின் ஆசியின்றிச் சோதனைக்கு மதிப்பில்லாமற் போகவே, தீர்மானிக்கும் பொறுப்பு அயலவர் பன்னிருவர்மீது விழுந்தது. வழக்கைப்பற்றி முன்பே அறிந்தவராயிருத்தல் இன்று யூரர் ஒருவருக்குக் குறையாகும். அன்று அதுவே அவரது தகுதியாக இருந்தது.

இப்பணி விரைவிலேயே மக்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. நெடுந்தூரம் நடந்து செல்லல் வேண்டும், விளைநிலத்தை விட்டுச் செல்லல் வேண்டும், ஊதியமும் இல்லை. யூரர்களை அழைக்கும் அதிகாரம் பெற்ற செரிபு என்னும் மாவட்ட அதிகாரிகளும் அவருடைய ஏவலாளரும் இச்சுமையைத் தமக்கு வருவாயாக்கிக் கொண்டனர். செல்வர் கைக்கூலி கொடுத்து வீட்டிலிருந்தனர். நோயாளரும் தள்ளாதவரும் பெயர் குறிக்கப்பட்டு அலைக்கழிக்கப்பட்டனர். இக்கொடுமையைக் கண்ட முதலாம் எட்வேட் மன்னனின் அரசு, 1285 ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டத்திலே, எழுபது வயதைக் கடந்தோரையும், தீராநோய் கொண்டோரையும், அழைக்கப்படும் வேளையில் நோயுற்றிருப்போரையும் யூரர் பட்டியலிற் சேர்த்தலாகாது என விதித்தது. விலக்களித்தலின் தொடக்கம் இதுவே எனலாம். எளியவனை அதிகாரியின் கொடுங்கையினின்று காத்தலே அவ்விதியின் நோக்கம். நோயாளி தாழ்ந்தவன் என்ற எண்ணம் அதில் இல்லை.

நோயாளரைக் காக்கவேண்டிய தேவை உண்மையிலேயே பெரிதாயிருந்தது. முற்காலத்தில் யூரர்கள் தீர்ப்பை ஆராயப் புகுந்தபின், ஒருமித்த முடிவுக்கு வரும்வரை உணவும் நீரும் நெருப்பும் விளக்கும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. 1670 ஆம் ஆண்டிலே வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் இருவர்மீது இலண்டனில் நடந்த வழக்கில், மன்று விரும்பிய தீர்ப்பை வழங்க மறுத்த யூரர்கள் பட்டினியாகப் பூட்டிவைக்கப்பட்டனர். பின்னர் தண்டமும் விதிக்கப்பட்டது. அவருள் ஒருவராகிய புசெல் என்பார் தண்டத்தைச் செலுத்த மறுத்துச் சிறையிலிருந்தவாறே வழக்காடினார். யூரர்களை அவர்தம் தீர்ப்புக்காகத் தண்டித்தலாகாது எனப் பிரதம நீதியரசர் வோன் தீர்ப்பளித்தார். தண்டிக்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்ததாயினும், பட்டினி வழக்கம் ஒழியவில்லை. மன்று அனுமதித்தால், யூரர்கள் குளிர்காய நெருப்பும், தம் சொந்தச் செலவில் சிற்றுண்டியும் பெறலாமென விதித்தது 1870 ஆம் ஆண்டின் சட்டமேயாகும்.

இவ்வாறு விலக்களித்தல் ஒருபுறம் வளர, விலக்கிவைத்தலும் மறுபுறம் வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே எட்வேட் கோக் என்னும் சட்ட அறிஞர், யூரர் ஒருவரை வழக்காளிகள் ஆட்சேபித்தற்குரிய காரணங்களை நான்காக வகுத்தார். பிரபுப் பட்டம், ஒருதலைச் சார்பு, முன்செய்த குற்றம் என்பன மூன்று. எஞ்சிய ஒன்று 'குறைபாடு'. இக்குறைபாடு என்ற சொல்லினுள் அடங்கியவற்றை நோக்கினால் வியப்புண்டாகும். பிறநாட்டவராயிருத்தல் குறைபாடு, போதிய நிலமில்லாதிருத்தல் குறைபாடு, பெண்ணாயிருத்தலும் குறைபாடே! பதினெட்டாம் நூற்றாண்டிற் சட்ட உரை வகுத்த பிளாக்ஸ்ரன் என்பாரும் பெண்ணினத்தை இத்தலைப்பின் கீழேயே வைத்தார். ஒரு காலம் எதனைக் குறையெனக் கருதியதோ அதனை மற்றொரு காலம் குறையெனக் கருதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

றொபேட் பீல் உள்நாட்டமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1825 ஆம் ஆண்டின் யூரர் சட்டம், இருபத்தொரு வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட சொத்துடைய ஆடவரையே யூரராக ஏற்றது. பெண்களுக்கு இருந்த தடை 1919 ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கியது. ஆயினும் சொத்துத் தகைமை நீங்கவில்லை. வீடு பெரும்பாலும் கணவன் பெயரில் இருந்தமையால், மனைவியர் யூரராதல் அரிதாகவே இருந்தது. மோரிஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1965 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டபோது, வாக்காளர் இடாப்பிற் பெயருள்ளோரில் காற்பங்குக்குங் குறைவானோரே யூரராகும் தகைமை பெற்றிருந்தனர். வாக்காளர் இடாப்பையே யூரர் பட்டியலுக்கும் அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது.

இவற்றுக்கிடையில், மனநோய் பற்றிய சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. 1890 ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளரைப் பெரும்பாலும் ஒரே வகையினராகவே கண்டது: நீதவானின் கட்டளையினால் மதில்சூழ்ந்த விடுதியில் அடைக்கப்பட்டவர் என்பதே அவ்வகை. 1930 ஆம் ஆண்டின் சட்டம், தம் விருப்பத்தின்படி வந்து சிகிச்சை பெற்றுச் செல்ல இடமளித்தது. 1959 ஆம் ஆண்டின் மனநலச் சட்டமோ, பிற நோயாளர் வைத்தியசாலைக்குச் செல்வது போலவே மனநோயாளரும் எவ்விதக் கட்டளையுமின்றிச் செல்லும் வழியைப் பொதுவழியாக்கியது. இதன் பயன் யாதெனில், 'மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்' என்ற தொடரின் பொருளே மாறிற்று. முன்பு அது மதிலுக்குள் வாழ்ந்தவரைக் குறித்தது; பின்பு, காலையில் வைத்தியரைக் கண்டு மாலையில் தொழிலுக்குத் திரும்பிய ஆயிரமாயிரம் மக்களையுங் குறித்தது.

இம்மாற்றத்தைப் பாராளுமன்றம் யூரர் சட்டத்திற் கருதவில்லை. 1972 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் சொத்துத் தகைமையை ஒழித்தது. வாடகை வீட்டில் வாழ்வோரும், கூலித் தொழிலாளரும், குடும்பப் பெண்களும் முதன்முறையாகப் பெருந்தொகையில் யூரராக வழி பிறந்தது. அவ்வாறு கதவைத் திறந்த காலத்திலேயே, நால்வகையினர் யூரராகத் தகார் எனவும் வகுக்கப்பட்டது. நீதிபதிகள், சட்டத்தொழிலும் பொலிசுப் பணியும் போன்ற நீதி நிருவாகத் தொடர்புடையோர், மதகுருமார் ஆகிய மூவகையினரோடு, மனக்கோளாறுடையோர் நான்காம் வகையினராக வைக்கப்பட்டனர். 1974 ஆம் ஆண்டின் யூரர் சட்டம் இவற்றை ஒருங்கு தொகுத்தது. மனநோய் உடையவர், அல்லது முன்னர் உடையவராயிருந்தவர், அதன் காரணமாக வைத்தியசாலையில் தங்கியிருந்தாலும், வைத்தியரிடம் ஒழுங்காகச் சிகிச்சைக்குச் சென்றுவந்தாலும் யூரராதல் இயலாது என்பது அதன் சாரம்.

இவ்விதியின் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனச்சோர்வுக்காக மாதமொருமுறை வைத்தியரைக் கண்டு, மருந்துண்டு, நாள்தோறும் வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு நன்கு பாடஞ் சொல்லும் ஆசிரியர் ஒருவரைக் கொள்க. அவர் தம் மாணவரின் விடைத்தாள்களைச் சீர்தூக்கி மதிப்பிடுகிறார், தேர்தலில் வாக்களிக்கிறார், தம் குடும்பத்தை நடத்துகிறார். ஆயினும் யூரராக அமரும் தகுதி அவருக்கில்லை. அதே தெருவில் அதனினும் கடுமையான நோயுடையவர் ஒருவர், வெட்கத்தினாலோ அறியாமையினாலோ வைத்தியரை நாடாது இருப்பாராயின், அவருக்கோ எவ்விதத் தடையுமில்லை. நோயைத் தடுக்க எண்ணிய சட்டம், நோய்க்கு மருந்து தேடியவரையே தடுத்தது. நடுவுநிலைமையுடன் ஒரு வழக்கைக் கேட்டு உணர இயலுமா என்ற வினாவை அது எழுப்பவேயில்லை.

உடற்குறை உடையோர் வகையிலோ சட்டம் வேறு வழியிற் சென்றது. 1994 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உடற்குறை உடைய ஒருவர் யூரராக அழைக்கப்பட்டு வந்தால், நீதிபதி அவரை நேரிற் கண்டு ஆராய்தல் வேண்டும். அக்குறையினால் அவர் பணியைச் செவ்வனே ஆற்றமாட்டார் எனக் கருதினாலன்றி அவரை அனுப்பிவிடுதலாகாது. செவிப்புலனற்ற யூரர் ஒருவருக்காகச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஆராய்ச்சி அறையினுள்ளும் உடனிருக்கலாம் என 2022 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. உடலைப் பொறுத்தவரை, 'இம்மனிதரால் இயலுமா?' என ஒவ்வொருவராகக் கேட்ட சட்டம், உள்ளத்தைப் பொறுத்தவரை பெயரைப் பார்த்தே முடிவு செய்தது.

2003 ஆம் ஆண்டிலே இம்முரண்பாடு இன்னும் கூர்மையாயிற்று. அவ்வாண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், யூரராகத் தகார் என வகுக்கப்பட்டிருந்த நால்வகையினரை மறுபடி ஆராய்ந்தது. நீதிபதிகளும் யூரராகலாம், சட்டத்தரணிகளும் பொலிசாரும் ஆகலாம், மதகுருமாரும் ஆகலாம் என முடிவாயிற்று. 2004 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் தொடக்கம் இது நடைமுறைக்கு வந்தது. நான்கு வகையினருள் மூவகையினர் உள்ளே அழைக்கப்பட, மனநோயாளர் மட்டும் தனியே வாயிலில் நின்றனர். குற்றவாளிகளெனத் தண்டிக்கப்பட்டுத் தகைமை இழந்தோருடன் ஒரே அட்டவணையில் அவர்தம் பெயரும் நின்றது.

நிலைமை மாறியது 2012 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு யூன் மாதம் 14 ஆம் நாள், மக்கட்சபையில் மனநலம் பற்றிய விவாதமொன்று நடைபெற்றது. தொழிற்கட்சி உறுப்பினராகிய கெவன் ஜோன்ஸ் என்பார், 1996 ஆம் ஆண்டிலே தாம் கடும் மனச்சோர்வினால் வருந்தியதைச் சபையில் எழுந்து கூறினார். பழைமைபேண் கட்சி உறுப்பினராகிய சாள்ஸ் வோக்கர் என்பார், முப்பத்தோராண்டு காலமாகத் தம்மை விட்டு நீங்காத மனப்பீடிப்பு ஒன்றைப்பற்றி எடுத்துரைத்தார். எதிரெதிர்க் கட்சியினர் இருவர், நாட்டின் சட்டங்களை ஆக்கும் மன்றிலே தம் உள்ளத்தின் நோயை ஒளிக்காது உரைத்தமை நாடெங்கும் பேசப்பட்டது. சட்டமியற்றும் ஆசனத்தில் அமரத் தக்கவர், அச்சட்டத்தின் கீழ் வழக்கொன்றைக் கேட்கும் ஆசனத்தில் அமரத் தகாரோ என்ற வினா அதன்பின் தவிர்க்கவொண்ணாததாயிற்று.

கவின் பார்வெல் என்னும் உறுப்பினர் தனியுறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 2013 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 28 ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்று, மனநலப் பாரபட்சச் சட்டமாயிற்று. மிகச் சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம் அது. கட்டாயச் சிகிச்சைக்காகத் தடுத்துவைக்கப்படும் பாராளுமன்ற உறுப்பினர் ஆறு மாதங்களின் பின் பதவியிழக்கும் விதியை அது நீக்கியது. அவ்விதியின் முன்னோடியாகிய 1886 ஆம் ஆண்டின் சட்டத்தால், 1916 ஆம் ஆண்டில் சாள்ஸ் லீச் என்னும் உறுப்பினர் ஒருவர் ஆசனம் இழந்திருந்தார். கம்பனிகளின் பணிப்பாளர் பதவி பற்றிய மாதிரி விதியொன்றும் நீக்கப்பட்டது. யூரர் பணியைப் பொறுத்தவரை, வைத்தியரிடம் சென்றுவருவதனாலேயே தகுதி இழக்கும் நிலை முடிவுற்றது.

எனினும் வரையறை முழுவதும் நீங்கிவிடவில்லை. மனநலச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்படற்கு உரியவர், மனக்கோளாறு காரணமாக வைத்தியசாலையில் தங்கியிருப்பவர், அச்சட்டத்தின்படி பாதுகாவலர் பொறுப்பிலோ வெளிச்சிகிச்சைக் கட்டளையின் கீழோ உள்ளவர், யூரர் பணியாற்றும் ஆற்றலில்லாதவர் ஆகியோர் இன்றும் யூரராதல் இயலாது. ஆனால் இவை அவ்வேளையிலுள்ள நிலையைச் சுட்டுவன. நலமடைந்து வீடு திரும்பியவரைப் பழைய நோய் பின்தொடர்வதில்லை. நோயின் பெயரைவிட்டு ஆற்றலை நோக்கச் சட்டம் கற்றுக்கொண்டது எனலாம்.

இனி, விலக்கிவைத்தல் சுருங்கியதனால் விலக்களித்தல் வேண்டாததாயிற்று எனக் கொள்ளலாகாது. அதன் தேவை பெருகியதென்றே சொல்லல் வேண்டும். கொலை வழக்குகளில் யூரர்கள் காணவேண்டிய படங்களும் கேட்கவேண்டிய சாட்சியங்களும் திடமான உள்ளத்தையும் கலக்கத்தக்கவை. வழக்குகள் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீளும். ஆராய்ச்சி அறையிற் பேசப்பட்டதை வெளியில் உரைப்பது 1981 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. இன்றும் அது குற்றமே. ஆதலின், கண்டதையும் கேட்டதையும் பற்றித் தம் வீட்டாருடன் பேசி ஆறவும் யூரர் தயங்குவர். பதற்றநோயினாலோ, கொடிய நினைவுகளினாலோ வருந்தும் ஒருவரை இச்சுமையைச் சுமந்தேயாக வேண்டுமென வற்புறுத்துதல் அவருக்கும் தீங்கு; குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவருக்கும் தீங்கு. கவனம் சிதறிய ஒரு யூரரின் முன் தன் வழக்கை வைக்கவேண்டிய நிலை எவருக்கும் வரலாகாது.

இதற்காகவே 1974 ஆம் ஆண்டின் சட்டம், தக்க காரணம் காட்டுவோருக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் தந்துள்ளது. அழைப்பாணை பெற்றவர் தம் நிலையை எழுதித் தெரிவிக்கலாம். வைத்தியரின் கடிதத்தை இணைக்கலாம். முற்றாக விலக்களித்தலன்றி, பன்னிரண்டு மாதங்களுக்குள் வேறொரு காலத்துக்குப் பணியை ஒத்திவைக்கவும் வழியுண்டு. மனநோய் பலருக்கு வந்து போவதாதலின், இவ்வொத்திவைப்பு அவர்க்குப் பெரிதும் பொருந்துவது. வேண்டுகோள் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். இங்கெல்லாம் முதற்சொல் நோயுற்றவருடையதே. தம்மால் இயலுமெனில் அவர் அமர்கிறார். இயலாதெனில் அதனைக் கூறுகிறார். அவ்வாறு கூறுதற்கு வெட்கப்படத் தேவையில்லை. எழுபது வயதைக் கடந்தவனையும் தீராநோயாளனையும் வீட்டிலிருக்கவிட்ட 1285 ஆம் ஆண்டின் விதியின் வழித்தோன்றலே இவ்வுரிமை. எழுபது வயது என்னும் அக்கால எல்லைகூட இன்று மாறிவிட்டது. 2016 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில் எழுபத்தைந்து வயது வரை யூரராகலாம்.

யூரர் முறை இலங்கைக்கும் புதியதன்று. சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் என்பாரின் முயற்சியால் 1811 ஆம் ஆண்டளவில் இந்நாட்டு மக்களும் யூரராக அமரும் உரிமை பெற்றனர். இங்கிலாந்தின் பன்னிருவருக்குப் பதிலாக எழுவர் அமர்வதும், எழுவருள் ஐவரேனும் ஒன்றுபட்டாலே தீர்ப்பாவதும் இலங்கையில் வழங்கும் விதி. எழுவராயினும் பன்னிருவராயினும் யூரர் முறையின் அடிப்படை ஒன்றே. ஊரார் தம்முள் ஒருவனைப்பற்றித் தீர்மானிக்கும்போது, அங்கு அமர்ந்திருப்போர் ஊராரின் உண்மையான பிரதிநிதிகளாயிருத்தல் வேண்டும். துயருற்றோரும், துயருற்று மீண்டோரும் ஊராருள் அடங்கியவரே. சாட்சிக் கூண்டில் நடுங்கி நிற்பவரின் அச்சத்தை அறிந்துகொள்வதில், அச்சத்தைத் தம் வாழ்விற் கண்டவர் பிறரினும் குறைந்தவராதற்குக் காரணமில்லை.

பெண்ணாயிருத்தலைக் குறைபாடென எழுதிய சட்ட நூல்களை இன்று படிப்போர் வியப்படைகின்றனர். வைத்தியரிடம் மருந்து பெற்றதைத் தகுதியின்மையாக எழுதிய 1974 ஆம் ஆண்டின் அட்டவணையும் அவ்வரிசையிற் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஏட்டிலுள்ள விதியை மாற்ற ஒரு நாட் கையொப்பம் போதும். மக்கள் மனத்திலுள்ள விதி அத்துணை எளிதில் மாறுவதில்லை. அழைப்பாணை பெற்ற ஒருவர் 'எனக்கு மனநோய் உண்டு' எனக் கடிதத்தில் எழுதுதற்குத் தயங்குவாராயின், விலக்களிக்கும் விதி ஏட்டிலிருந்தும் அவருக்குப் பயன்படாது. நீரிழிவையும் முதுகுவலியையும் எழுதும் அதே கையால், அதே மையால் அதனையும் எழுதக்கூடிய நாளிலேதான், ஏழு நூற்றாண்டுகளாகத் திருத்தப்பட்டு வந்த அவ்விதி முழுப்பயன் தரும்.